புரிஞ்சுது மிஸ்!

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நான் எடுத்த முதல் பாடம் ஒளியியல். குழி ஆடி, குவி ஆடி. பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருந்தேன். முதல் பாடம் என்பதால் மூன்று இரவுகள் கண் விழித்துத் தயாரித்தேன். சார்ட் வரைந்தேன். திரையில் போட்டுக் காட்ட ஆறு நிமிட வீடியோ ஒன்றையும் தேடி எடுத்தேன். ஒளிக்கதிர்கள் மஞ்சள் கோடுகளாக ஓடி வரும், ஆடியில் பட்டுத் திரும்பும், ஒரு புள்ளியில் வந்து கூடும். பின்னணியில் மெல்லிய இசை. நாற்பது பிள்ளைகளும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

முடிந்ததும் கேட்டேன். “புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்!” நாற்பது பேருக்கும் ஒரே குரல்.

அன்று பேருந்தில் திரும்பும்போது மனம் நிறைந்திருந்தது. ஆசிரியராக நாம் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் அதே வகுப்பு. பையிலிருந்து எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினேன். “இதோட உள்பக்கம் எந்த மாதிரி ஆடி? அதுல உங்க முகம் எப்படித் தெரியும்?” வகுப்பு அமைதியானது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் புத்தகத்தைப் புரட்டினான். மூன்றாவது பெஞ்சு மாணவி ஒருத்தி, போன வாரம் வீடியோ ஓடியபோது முன்னால் சாய்ந்து சாய்ந்து பார்த்தவள், தயங்கித் தயங்கி எழுந்தாள். “மஞ்சக் கோடு வந்துச்சு மிஸ்.”

அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

என் வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வகுப்புகளையும் கவனித்திருந்தார். ஓய்வறையில் தேநீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தியபடி சொன்னார்: “பாடம் நல்லாத்தான்மா எடுத்தே. ஆனா நீ மட்டும்தானே எடுத்தே. புள்ளைங்க எதையும் எடுக்கலையே.”

தமிழில் கற்பிப்பதற்குப் ‘பாடம் எடுப்பது’ என்கிறோம். பெட்டிக்குள் வைத்த பொருளை வெளியே கொண்டுவருவதும் எடுப்பதுதான். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆசிரியர் எடுப்பதால் மட்டும் பாடம் பிள்ளையின் மனத்தில் நிற்பதில்லை. பிள்ளை தன் நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் அது நிற்கிறது. ஊக்கம், கவனம், நினைவு, தொழில்நுட்பம் என்று பி.எட். பாடநூல் நான்கு அலகுகளாகப் பிரித்து வைத்திருப்பவை எல்லாம் இந்த இடத்தில்தான் ஒன்று சேர்கின்றன.

மறதியை அளந்தவர்

மறதியை முதன்முதலில் எண்ணால் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவருடைய நூல் 1885-ல் வெளிவந்தது. சோதனைக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. ஏற்கெனவே தெரிந்த சொற்களைப் பயன்படுத்தினால் பழைய அறிவு உள்ளே புகுந்துவிடும் என்பதால், பொருளே இல்லாத அசைகளைச் சுமார் 2,300 உருவாக்கிக்கொண்டார். அவற்றை வரிசை வரிசையாகக் கோத்து, பிழையில்லாமல் ஒப்பிக்கும் வரை படித்தார். பிறகு ஓர் இடைவெளி விட்டு அதே வரிசையை மறுபடி படித்தார். இரண்டாம் முறை படிக்க எவ்வளவு நேரம் குறைந்தது என்பதே அவருடைய அளவுகோல். அதற்குச் ‘சேமிப்பு’ என்று பெயர் வைத்தார்.

இருபது நிமிடம் கழித்துச் சேமிப்பு 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்து 21. முதல் ஒரு மணி நேரத்தில் நினைவு சரசரவென்று இறங்குகிறது. அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது.

இந்த எண்களைத் தேர்வுக்காக நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். வகுப்பறையில் நின்ற பிறகுதான் அவற்றின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் மிஞ்சுகிறது. மறந்துபோனது என்று நாம் கைவிட்டதன் தடம் உள்ளே எங்கோ கிடக்கிறது. ‘போன வாரம் நடத்தினேனே, அதுக்குள்ள மறந்துட்டியா?’ என்று பிள்ளையிடம் கோபித்துக்கொள்வதில் பொருளே இல்லை. மறப்பது பிள்ளையின் அலட்சியம் அன்று, மூளையின் இயல்பு. அந்தத் தடத்தை அது மங்குவதற்குள் மறுபடி தொட வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

எப்போது தொடுவது? இதற்கும் கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் செபேடாவும் குழுவினரும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் இடையே ஒரு நாள் விடுவது நல்ல பலன் தந்தது. 35 நாளில் தேர்வு என்றால் 11 நாள் இடைவெளி. ஏறக்குறைய ஓராண்டு நினைவிருக்க வேண்டும் என்றால் மூன்று வாரம். கொஞ்சம் மறக்க விட்டுத்தான் திரும்ப வர வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படிப்பது மறுநாள் மூன்று மணி நேரத்துக்குப் போதும். அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கையில் அது மிஞ்சாது.

பதினான்கு முறை படித்தவர்களும் மூன்று முறை எடுத்தவர்களும்

ஆசிரியராகப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை அமர்ந்து படித்தது. கொடுத்த நேரத்துக்குள் அவர்கள் சராசரியாக 14 தடவை அந்தப் பகுதியை வாசித்துவிட்டார்கள். இன்னொரு குழு ஒரே முறை அமர்ந்து படித்தது, சுமார் மூன்று தடவை. மீதி மூன்று அமர்வுகளிலும் தாளை வாங்கிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதச் சொன்னார்கள். எது சரி, எது தவறு என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலை: 83 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழாக மாறியது. படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது.

என்னை உறங்கவிடாத செய்தி இதற்கு அடுத்தது. ‘ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். யாருக்குக் குறைவாக நிற்கப்போகிறதோ அவர்களுக்கே நம்பிக்கை அதிகம்.

ஏன் இப்படி? ஒரு பக்கத்தை நான்காவது முறை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. கண்ணுக்குப் பழகியதை மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. வெற்றுத் தாளின் முன்னால் அந்த வழுக்கல் நின்றுவிடும். இரண்டு வரி எழுதியதும் பேனா நிற்கும். அந்தத் தடுமாற்றத்தைப் பிள்ளைகள் ‘எனக்கு வரல மிஸ்’ என்று சொல்கிறார்கள். ஆனால் வராததை வரவழைக்கப் பாடுபடும் அந்த நிமிடத்தில்தான் நினைவு வலுக்கிறது.

என் வகுப்பின் ‘புரிஞ்சுது மிஸ்’ பொய் இல்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு உண்மையாகவே புரிந்தது போல இருந்தது. வீடியோ அவ்வளவு தெளிவு. நான் கேட்ட நேரம்தான் தவறு. ஐந்தாம் நிமிடத்தில் கேட்டுவிட்டு, ஏழாம் நாளுக்கும் அதே பதில் செல்லும் என்று நம்பிவிட்டேன்.

கணக்குப் பாடத்திலும் இதே கதைதான். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு வகையை முடித்த பிறகே அடுத்த வகை என்று போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். வகைகளைக் கலந்து போட்டவர்கள் தடுமாறி 60-ல் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வரிசையாகப் போட்டவர்களுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63. ‘பயிற்சி 5.2’ முழுக்க ஒரே சூத்திரத்தில் முடிந்துவிடும்போது, எந்தச் சூத்திரம் இங்கே பொருந்தும் என்று யோசிக்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு இருப்பதில்லை. தேர்வுத் தாளில் அந்த யோசனைதான் முதலில் தேவைப்படுகிறது.

அவதானம்

கவனத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் அவதானம். இலங்கைத் தமிழர் ‘அவதானமாப் போங்கோ’ என்று இன்றும் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல் ஒரு கலையின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைக் கவனிப்பவர் அட்டாவதானி, நூறு என்றால் சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். அவதானியின் முதுகில் ஒருவர் சிறு கல்லை எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் மணி அடிப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். கடைசியில் விழுந்த கல் எத்தனை, அடித்த மணி எத்தனை என்பதோடு வெண்பாவும் வந்து நிற்கும்.

‘அப்படியானால் பாட்டுக் கேட்டுக்கொண்டே, வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்தானே?’ என்று பயிற்சிக் கல்லூரியில் என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் வேண்டுமென்றால் நினைவின் வாசல் எவ்வளவு குறுகலானது என்று பார்க்க வேண்டும்.

இந்த நொடியில் மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்துக்குச் செயல்படு நினைவு என்று பெயர். ஜார்ஜ் மில்லர் 1956-ல் அதன் கொள்ளளவை ஏழுக்கு ஒன்றிரண்டு கூட, ஒன்றிரண்டு குறைய என்றார். நெல்சன் கோவன் 2001-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உண்மையில் சுமார் நான்குதான் என்றார். நான்கு இடங்கள். எவ்வளவு பெரிய பாடமும் இந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-ல் ஒரு காணொளியைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. கண் திறந்திருந்தது, வாசல் நிரம்பியிருந்தது.

என் வீடியோவுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. ஓடும் மஞ்சள் கோடு, இசை, திரையில் எழுத்து, அதே எழுத்தை வாசிக்கும் குரல், இடையிடையே என் விளக்கம். நான்கு இடங்களையும் நானே நிரப்பிவிட்டேன். யோசிக்க இடம் இல்லை. எதைப் பற்றி மனம் யோசித்ததோ அதுதான் தங்கியது: மஞ்சள் கோடு.

அவதானி எப்படிச் சமாளிக்கிறார்? இதற்கு விடை தர ஓர் ஓட்டக்காரர் உதவுகிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பயிற்சியில் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஈடுபட்டார். ஏழு எண்களில் தொடங்கியவர் 79 எண்கள் வரை போனார். 1980-ல் வெளியான இந்த ஆய்வில் அவர் கையாண்ட வழியும் பதிவாகியிருக்கிறது. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் அது அவருக்கு நான்கு எண்கள் இல்லை; 3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனையை ஒட்டிய நேரம். நான்கு பொருள்கள் ஒரு பொருளாகிவிட்டன. எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது அவர் ஆறுக்கே திரும்பிவிட்டார். அவருடைய வாசல் பெரிதாகவில்லை. வாசலில் நிற்பவற்றை மூட்டை கட்டித் தரும் அறிவு உள்ளே சேர்ந்திருந்தது.

அவதானியையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். யாப்பு அவருக்கு மூச்சுப்போல ஆகிவிட்டது. சீரும் தளையும் அவருடைய நான்கு இடங்களில் ஒன்றைக்கூட அடைப்பதில்லை. அதனால்தான் கல்லுக்கும் மணிக்கும் இடம் மிஞ்சுகிறது. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு இயற்கணிதத்தில் இடம் மிஞ்சுவதும் இதே காரணத்தால்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று யோசிக்காமல் வருபவன் சமன்பாட்டை யோசிக்கிறான். வராதவன் பெருக்கலிலேயே நின்றுவிடுகிறான். ‘கூகுள் இருக்கும்போது எதுக்கு மிஸ் மனப்பாடம்?’ என்று கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். கூகுளில் இருப்பது உன் வாசலுக்கு வெளியே இருக்கிறது. யோசிக்கும் நேரத்தில் உதவுவது உள்ளே இருப்பதுதான்.

கவனத்துக்கு வயிறும் வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உரியது. என் எட்டாம் வகுப்பில் மூன்றாம் பாடவேளையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால், காலையில் சாப்பிடாமல் வந்ததாகச் சொல்கிறார்கள். ‘கவனச் சிதறல்’ என்று பதிவேட்டில் எழுதும் முன் ஆசிரியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘சாப்பிட்டியா?’ என்பதுதான்.

திரை தருவதும் திரை பறிப்பதும்

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. 2018 முதல் நம் பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு அச்சாகிறது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து பள்ளிகளைப் பூட்டியபோது, பல பிள்ளைகளுக்குப் பள்ளியோடு இருந்த ஒரே தொடர்பு அதுதான். இதய வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் எந்த ஆசிரியராலும் காட்ட முடியாது, திரையால் முடியும்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கருவி பிள்ளையை எடுக்க வைக்கிறதா, எடுக்கும் வேலையைத் தானே செய்துவிடுகிறதா?

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களோடு ஒரு கணக்குப் பாட ஆய்வு நடந்தது. முடிவுகள் 2025-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ஒரு குழுவுக்குப் பயிற்சி நேரத்தில் வழக்கமான சாட்ஜிபிடி போன்ற உதவி கிடைத்தது. அவர்கள் பயிற்சியில் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அந்த உதவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இன்னொரு குழுவுக்குக் கிடைத்தது, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த உதவி. அவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள், தேர்விலும் அந்தப் பின்னடைவு பெரும்பாலும் இல்லாமல் போனது. இரண்டு குழுவுக்கும் கிடைத்தது ஒரே தொழில்நுட்பம். ஒன்று விடையைக் கொடுத்தது, மற்றது விடையைத் தேட வைத்தது.

வகுப்பில் திறந்திருக்கும் திரை, வைத்திருப்பவரை மட்டும் பாதிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவில் ஃபாரியா சனாவும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மதிப்பெண் இழந்தார்கள். தங்களிடம் கணினியே இல்லாமல், அந்தத் திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் இழந்தார்கள். ஆசிரியரின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தால் நாற்பது தலைகள் திரும்பும். பாட வேளையில் என் கைப்பேசி இப்போது ஓய்வறையில் இருக்கிறது.

நட்சத்திரம் ஒட்டினால் ஆர்வம் வருமா?

கரண்டி வகுப்பு தோற்ற பிறகு எனக்குத் தோன்றிய முதல் யோசனை பரிசு. சரியாகப் பதில் சொல்பவர் நோட்டில் தங்க நட்சத்திரம். வழிகாட்டி ஆசிரியை அதையும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

யோசிக்க நல்ல காரணம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில் மார்க் லெப்பரும் குழுவினரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு, படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளைப் பற்றியது. ஒரு குழுவிடம், ‘வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு வரைவுப் பொருள்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்களும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். பிடித்த வேலை, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

எல்லாப் பரிசும் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆசையே இல்லாத இடத்தில் முதல் அடி எடுத்து வைக்க ஒரு சின்னப் பரிசு உதவலாம். ஆனால் நீடிக்கும் ஊக்கம் வேறிடத்திலிருந்து வருகிறது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல்லாண்டு ஆய்வில் மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: இது என் விருப்பத்தில் நான் செய்வது என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கே நானும் ஒருத்தி என்ற உணர்வு. ‘ஆர்வம் இருந்தால் படிப்பார்கள்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். படிப்பு கைகூடுவதாலும் ஆர்வம் பிறக்கும் என்பதை நான் அந்த வகுப்பில்தான் பார்த்தேன்.

பரிசுக்குப் பதிலாக நாங்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடமும் புத்தகம் மூடியிருக்கும். மூன்று கேள்விகள்: ஒன்று நேற்றைய பாடத்தில், ஒன்று போன வாரத்தில், ஒன்று போன மாதத்தில். துண்டுத் தாளில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, தாளை நான் வாங்கவும் மாட்டேன். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து அவரவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் கிடையாது என்பதை நம்ப அவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. நம் பள்ளிகளில் ‘டெஸ்ட்’ என்றால் அளந்து, வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பவரைத் தலைகுனிய வைப்பது என்றாகிவிட்டது. நினைவிலிருந்து எடுப்பது கற்கும் வழிகளிலேயே வலிமையானது. அதைப் பயத்தோடு சேர்த்துக் கட்டிவைத்துப் பிள்ளைகளை அதனிடமிருந்து நாமே விரட்டியிருக்கிறோம். அந்த முடிச்சை அவிழ்ப்பது எந்தத் திறன்பலகையையும்விட அவசரமான வேலை என்று நினைக்கிறேன்.

மணல்

இதில் எதுவும் நமக்குப் புதிதல்ல. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்தப் பொறுப்பேற்றார். இங்கிருந்த பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றி 1797-ல் லண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது.

திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாகப் பார்க்கவில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. ஆனால் அந்த மணலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மணலில் எழுதியது நிற்காது. கையால் தடவினால் போய்விடும். மறுபடி எழுத வேண்டுமென்றால் பார்த்து எழுத எதுவும் இல்லை, நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். அழிவதே அந்தக் கருவியின் பலம். சிறுவன் இன்னொரு சிறுவனுக்குச் சொல்லும்போதும் அதேதான் நடக்கிறது. தன்னிடம் இருப்பதை எடுத்தால்தான் கொடுக்க முடியும்.

பத்தாவது வாரத்தில் ஒரு நாள் மூன்று கேள்விகளில் ஒன்றாகக் கரண்டி திரும்ப வந்தது. துண்டுத் தாளில் பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள்: உள்பக்கம் குழி ஆடி, முகம் தலைகீழ், வெளிப்பக்கம் குவி ஆடி, முகம் நேராக, சின்னதாக. பிறகு இரண்டு பேருக்கு ஒரு கரண்டி என்று கொடுத்து, ஒருவர் மற்றவருக்கு விளக்கச் சொன்னேன். சத்துணவுக் கூடத்து அக்கா கடனாகத் தந்த கரண்டிகள்.

மூன்றாவது பெஞ்சு மாணவி பக்கத்துப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிறுத்தினாள். சுட்டுவிரலைக் கரண்டியின் குழிக்குள் மெல்ல இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினாள்.

“மிஸ், முகம்தான் தலைகீழாத் தெரியுது. விரலை ரொம்பக் கிட்டக் கொண்டுபோனா நேராத் தெரியுது, பெருசாவும் தெரியுது. மேல தூக்குனா தலைகீழாயிடுது. நடுவுல ஒரு எடத்துல ஒண்ணுமே தெரியாமக் கலங்கிப் போவுது. அது எந்த எடம் மிஸ்?”

அந்த இடத்தின் பெயர் குவியம். என் ஆறு நிமிட வீடியோவில் மஞ்சள் கோடுகள் எல்லாம் வந்து கூடிய புள்ளி அதுதான். அன்றைக்கு அதை நான் காட்டினேன், யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அவளே தேடிக்கொண்டு வந்து நிற்கிறாள். பெயரை உடனே சொல்லவில்லை. “உன் விரலால அளந்து பாரு. எவ்வளவு தூரத்துல கலங்குதுன்னு பெரிய கரண்டியிலயும் சின்னக் கரண்டியிலயும் பார்த்துட்டுச் சொல்லு” என்றேன். மணி அடித்த பிறகும் நான்கைந்து பேர் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

பயிற்சி மாணவர்களின் பாடத்திட்டக் குறிப்பேட்டில் கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஆயத்தப்படுத்துதல், பாடப்பொருள் வழங்கல், தொகுத்தல், கடைசியில் மதிப்பீடு. அன்று மாலை விடுதியில் அடுத்த பாடத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, முதல் கட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுதினேன். ‘புரிந்ததா?’ அந்த மூன்றில் இல்லை.